லோவுட் முதல் மெலரி டவர்ஸ் வரை: ஆங்கிலப் பெண்கள் பள்ளி புனைவிலும் வரலாற்றிலும்

முன்னுரை

இங்கிலாந்தின் பெண்கள் பள்ளியை நேரில் காணாதவரும் அதனைக் கதைகளின்வழி அறிந்திருப்பர். மலேசிய, சிங்கப்பூர் வாசகர் பலருக்கு இளமையில் அதனை அறிமுகம் செய்தவை ஈனிட் பிளைட்டனின் நூல்கள். இத்தகைய கதைகள் கல்வி வரலாற்றுக்கு எந்த அளவு சான்றாகும் என்பதை இரு புனைவுப் பள்ளிகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

துயரத்தின் பதிவு

சார்லட் பிராண்டி 1847ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஜேன் அயர்’ நாவலில் இடம்பெறும் லோவுட் பள்ளி முழுக் கற்பனையன்று. 1824இல் அவரும் அவர்தம் சகோதரியர் மூவரும் கோவன் பிரிட்ஜ் என்னும் ஊரில் இயங்கிய பள்ளியில் சேர்க்கப்பட்டனர். வருவாய் குன்றிய சமயகுருமாரின் புதல்வியருக்கென வில்லியம் கேரஸ் வில்சன் என்னும் பாதிரியார் நிறுவிய பள்ளி அது. காசநோய் கண்ட மூத்த சகோதரியரான மரியாவும் எலிசபெத்தும் வீட்டிற்கு அனுப்பப்பட்டு, 1825 மே, ஜூன் மாதங்களில் அடுத்தடுத்து இறந்தனர். அப்போது அவர்களின் வயது முறையே 11, 10. நாவலில் இறக்கும் ஹெலன் பர்ன்ஸ் என்னும் சிறுமி மரியாவின் சாயலில் படைக்கப்பட்டவள்.

1857இல் எலிசபெத் காஸ்கெல் எழுதிய சார்லட்டின் வாழ்க்கை வரலாறு கோவன் பிரிட்ஜ் பள்ளியைப் பெயர் சுட்டிக் கூறியது. வில்சனின் ஆதரவாளர்கள் அதனை நாளேடுகளில் மறுத்தெழுதினர். புனைவுப் பள்ளி ஒன்று இவ்வாறு பொது விவாதத்திற்குரிய சான்றாயிற்று.

தேர்வுக்கூடப் போராட்டம்

இக்காலத்திலேயே மற்றொரு வரலாறு தொடங்கியது. பிரான்சிஸ் மேரி பஸ் 1850இல் வட லண்டன் கல்லூரிப் பள்ளியை நிறுவினார். டொரோதியா பீல் 1858 முதல் 1906 வரை செல்டனம் மகளிர் கல்லூரியின் தலைமையை ஏற்றிருந்தார். எமிலி டேவிஸின் முயற்சியால் 1863 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பள்ளித் தேர்வைச் சிறுமியர் முதன்முறையாகச் சோதனை முறையில் எழுதினர். மூத்த பிரிவினருள் பெரும்பாலோர் எண்கணிதத்தில் தேறவில்லை. இத்தோல்வி மாணவியரின் அறிவுக்குறையைக் காட்டவில்லை. அவர்களுக்கு முறையாகக் கற்பிக்கப்படாமையையே வெளிப்படுத்தியது. 1865இல் அத்தேர்வு சிறுமியருக்கு முறைப்படி திறந்துவிடப்பட்டது. 1864இல் அமைக்கப்பட்ட டான்டன் ஆணையத்தின் முன் இம்மூவரும் சாட்சியம் அளித்தனர். 1872இல் தோன்றிய பெண்கள் பொதுப் பகற்பள்ளிக் கழகம் நகரங்கள்தோறும் பள்ளிகளை நிறுவத் தலைப்பட்டது.

மகிழ்ச்சியின் பதிவு

இருபதாம் நூற்றாண்டில் புகழ்பெற்ற பள்ளிக்கதைகளோ பகற்பள்ளியை விடுத்து விடுதிப்பள்ளியையே பெரிதும் நாடின. 1946 முதல் 1951 வரை ஆறு நூல்களாக வெளிவந்த பிளைட்டனின் ‘மெலரி டவர்ஸ்’ வரிசையில் கார்ன்வால் கடற்கரையும் விளையாட்டும் தோழமையும் நள்ளிரவு விருந்தும் நிறைந்துள்ளன. இவற்றை எழுதிய பிளைட்டனோ பெக்கன்ஹாமில் வீட்டிலிருந்தே பள்ளி சென்று பயின்றவர். பிராண்டி பட்டறிவை எழுதினார். பிளைட்டன் இளையோரின் விருப்பத்தை எழுதினார் எனலாம்.

இறுதி நூலில் கதைத்தலைவி டாரல் பல்கலைக்கழகம் செல்ல ஆயத்தமாகிறாள். அது இயல்பான நிகழ்வாகவே சொல்லப்படுகிறது. ஆயின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழு உரிமையுடன் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான். அந்நூல் வெளிவந்ததற்கு மூன்றாண்டுகள் முன்னர்.

முடிவுரை

லோவுட் துயரத்தையும் மெலரி டவர்ஸ் மகிழ்ச்சியையும் நமக்குக் காட்டுகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நூறாண்டுக் கல்விப் போராட்டத்தை இவற்றுள் காண இயலாது. எண்கணிதத்தில் தவறிய அச்சிறுமியருக்கும் டாரலின் பயணத்தில் பங்குண்டு. இக்கதைகளை வகுப்பறையில் பயிற்றுவிக்கும் ஆசிரியர் அவர்களையும் உடன் நினைவூட்டுவாராயின், புனைவின் இன்பம் குறையாது. அதன் பொருள் மேலும் விரிவடையும்.