சிவப்புக் கல்லும் புனிதச் சுங்கானும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துத் தென்மேற்கு மூலையில், தெற்கு டகோட்டா எல்லைக்குச் சற்று முன்னால், பைப்ஸ்டோன் என்ற சிற்றூர் இருக்கிறது. ஊரை ஒட்டிய புல்வெளியில் குவார்ட்சைட் பாறை ஒரு நீண்ட சுவராக எழுந்து நிற்க, அதன் மேலிருந்து ஓர் ஓடை சிறு அருவியாக விழுகிறது. சுவருக்கு எதிரே, அதே குவார்ட்சைட்டின் அடியில், மெல்லிய படுகையாக ஓடுகிறது செங்காவி நிறக் கல் ஒன்று. வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகளின் புகழ்பெற்ற சிவப்புச் சுங்கான்கள் இந்தக் கல்லில் செதுக்கப்பட்டவை. லகோட்டா, டகோட்டா, யாங்டன், ஓமாஹா, அயோவா எனப் பல மக்கள் பல தலைமுறைகளாக இங்கே வந்து கல் எடுத்திருக்கிறார்கள்.

அந்தக் கல் களிமண் இறுகி உருவானது. வயது 160 கோடி ஆண்டுகளுக்கு மேல். அதிலுள்ள இரும்பு ஆக்சைடுதான் சிவப்புக்குக் காரணம். மேலே மூடியிருக்கும் குவார்ட்சைட் எஃகையும் மழுங்கச் செய்யும் கடினம் கொண்டது. அடியிலுள்ள கல்லிலோ குவார்ட்ஸ் மணியே கிடையாது. ஏறக்குறைய நகத்தின் கடினம்தான். கத்தியால் சீவலாம், துளையிடலாம், தேய்த்தால் மெருகேறும், தீயின் சூட்டுக்கு எளிதில் வெடிக்காது. சுங்கானின் தலைக்கு இதைவிடப் பொருத்தமான கல் அமைவது அரிது. ஆனால் படுகை அரை மீட்டர் கனம்கூட இல்லை. கிழக்கு நோக்கிச் சரிந்து போகிறது. மேற்கு ஓரத்தில் எளிதாகக் கிடைத்த கல்லை முன்னோர் எடுத்துவிட்டதால், பின்வந்தவர்கள் மூன்று நான்கு மீட்டர் கடும்பாறையை உடைத்து இறங்க வேண்டியதாயிற்று. சம்மட்டி, ஆப்பு, கடப்பாரை ஆகியவைதான் கருவிகள். இன்றும் இயந்திரத்துக்கு அனுமதி இல்லை. இளவேனிலில் குழிகளில் நீர் நிரம்பிவிடும். கோடை இறுதியும் இலையுதிர் காலமுமே வேலைக்கு ஏற்றவை. ஒரு கைப்பிடிக் கல்லுக்குச் சில வாரங்கள் பாறையோடு போராட வேண்டியிருக்கும்.

இந்த உழைப்பும் வழிபாட்டின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. தோண்டுமுன் விரதம் இருப்பதும், நீராவிக் குடிலில் உடலைத் தூய்மை செய்துகொள்வதும், புகையிலையைக் காணிக்கையாக வைப்பதும் வழக்கம். சுரங்கத்துக்கு அருகே பனியாறு கொண்டுவந்து போட்ட கருங்கல் பாறைகள் சில கிடக்கின்றன. மூன்று கன்னியர் என்பது அவற்றின் பெயர். கல்லைக் காக்கும் பெண் ஆவிகள் அவற்றில் வாழ்கின்றன என்பது நம்பிக்கை. அந்தப் பாறைகளைச் சுற்றித் தரைக்கல்லில் மனித, விலங்கு உருவங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. வந்துபோனவர்கள் அவற்றைச் சிதைக்கத் தொடங்கியதால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பலகைகளாகப் பெயர்த்து எடுக்கப்பட்டன. கல்லின் பிறப்பைப் பற்றியும் கதைகள் உண்டு. பெருவெள்ளத்தில் மாண்ட முன்னோரின் தசையும் குருதியும் இறுகிக் கல்லாயின என்கிறது ஒன்று. இனம் வேறானாலும் உடல் ஒன்று என்றும், ஆகவே இந்த மண்ணில் எவரும் எவர்மீதும் ஆயுதம் ஓங்கக் கூடாது என்றும் அந்தக் கதையைச் சொன்னவர்கள் கருதினார்கள். 1700க்குப் பிறகு டகோட்டா மக்களின், குறிப்பாக யாங்டன் பிரிவினரின், பிடி இங்கே இறுகியது. கல் வணிகப் பண்டமாகத் தொலைதூரங்களுக்கும் சென்றது.

சுங்கான் பிடிக்கும் பழக்கம் மிகப் பழமையானது. ஓஹாயோ பள்ளத்தாக்கில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹோப்வெல் பண்பாட்டினர் பருந்து, நீர்நாய், தவளை வடிவில் கல்லில் சுங்கான்கள் செதுக்கினார்கள். அவற்றில் பல, புகைப்பவரின் முகத்தைப் பார்க்கும்படி அமைந்தவை. மனிதனும் விலங்கும் கண்ணுக்குக் கண் நோக்கியிருக்கும் அந்த அமைப்பு, புகைத்தல் அவர்களுக்கு வெறும் இன்பமாக இருக்கவில்லை என்பதைக் காட்டப் போதுமானது.

லகோட்டா மரபில் சுங்கானுக்குச் சனுன்பா என்று பெயர். அது வந்த வரலாற்றை அவர்கள் இப்படிச் சொல்வார்கள். பஞ்ச காலத்தில் வேட்டைக்குப் போன இருவர் முன் ஒரு பெண் தோன்றினாள். ஒருவன் அவளைத் தகாத எண்ணத்தோடு நெருங்கி எலும்புக்கூடானான். மற்றவன் பணிந்து நின்றான்; அவன் வழியாக அவள் குடியிருப்புக்கு வந்து சுங்கானைக் கொடுத்து, அதைக் கொண்டு வேண்டும் முறையைக் கற்றுத் தந்தாள். போகும்போது வெள்ளை எருமைக் கன்றாக மாறினாள். அவள் கொடுத்ததாக நம்பப்படும் சுங்கான் இன்றும் தெற்கு டகோட்டாவில் கிரீன் கிராஸ் என்ற ஊரில் ஒரு குடும்பத்தின் காவலில் இருக்கிறது. அதன் 19ஆவது காவலரான ஆர்வல் லுக்கிங் ஹார்ஸ் அந்தப் பொறுப்பை 1966இல், 12 வயதில் ஏற்றார்.

கல்லாலான தலையும் மரத்தாலான தண்டும் தனித்தனியே வைக்கப்படும். கல் பூமி, பெண்மை. தண்டு செடிகொடிகள், ஆண்மை. சடங்கின்போதுதான் இரண்டும் பொருத்தப்படும். பொருத்திய பிறகுதான் சுங்கானுக்குப் புனிதம். நிரப்புவதும் விரைந்து முடிக்கும் வேலையல்ல. ஒவ்வொரு சிட்டிகையும் மேற்கு, வடக்கு, கிழக்கு, தெற்கு என்று திசைகளுக்கும், பிறகு வானுக்கும் மண்ணுக்கும் உயர்த்திக் காட்டப்பட்டு உள்ளே இடப்படும். நாலுகால் உயிர்களும் சிறகுள்ளவையும் இப்படி ஒவ்வொன்றாக அந்தச் சிறு குழிக்குள் வந்து சேர்வதாகப் பொருள். உள்ளே போவது புகையிலை மட்டுமல்ல. ஒருவகைச் செந்நிறப் புதர்மரத்தின் உட்பட்டை முக்கியப் பொருள். நெஞ்சுக்குள் இழுப்பதும் நோக்கமல்ல. வாயில் வாங்கி வெளியே விடும் புகை, வேண்டுதலைக் கண்ணுக்குத் தெரியும் வடிவில் மேலே கொண்டுசெல்கிறது. சூரியன் செல்லும் போக்கில் வட்டமாகக் கைமாறும் சுங்கானை முடிக்கும்போது உறவினர் அனைவருக்கும் என்று பொருள்படும் சொல்லை ஒவ்வொருவரும் சொல்வார்கள். அந்த உறவுக் கணக்கில் எருமையும் கல்லும் அடக்கம்.

இந்த மரபைப் பற்றி வெளியுலகுக்கு மிக விரிவாகச் சொன்னவர் ஓக்லாலா லகோட்டா முதியவர் பிளாக் எல்க். 1947–48 குளிர்காலத்தில் ஜோசப் எப்ஸ் பிரவுன் என்ற இளம் ஆய்வாளரிடம் அவர் சொன்னவை 1953இல் நூலாக வந்தன. ஏழு சடங்குகளை அதில் விளக்குகிறார்; ஏழிலும் சுங்கான் உண்டு. அவற்றுள் காட்சி வேண்டித் தனித்திருக்கும் சடங்கு தனியே கவனிக்கத் தக்கது. ஒருவன் மலைமேல் உணவும் நீரும் இன்றி நான்கு நாள் வரை நிற்கிறான். கையில் நிரப்பிய சுங்கான் இருக்கிறது. ஆனால் அதன் வாய் கொழுப்பால் அடைக்கப்பட்டிருக்கிறது. அவன் அதைப் புகைப்பதில்லை, ஏந்தி நிற்கிறான். இறங்கி வந்த பிறகுதான், கண்டதை முதியவர்களிடம் சொல்லும் வேளையில், அது பற்றவைக்கப்படும். தனிமையில் நடந்த சிந்தனை மற்றவர்களுக்கு முன் சொல்லப்பட்ட பின்பே முழுமை பெறும் என்ற எண்ணம் இதில் தெளிவாகத் தெரிகிறது. ஆன்மிகமும் தோழமையும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னப்பட்ட சடங்குகள் குறைவு. பிளாக் எல்க் பல ஆண்டுகள் கத்தோலிக்க உபதேசியாராகப் பணியாற்றியவர் என்பதையும், இரண்டையும் அவர் ஒருசேர மதித்தார் என்பதையும் சேர்த்தே அவர் சொற்களைப் படிக்க வேண்டும்.

பகையாளிகளை உறவாக்கும் சடங்குக்கும் சுங்கானே நடு. போனி மக்களின் ஹாகோ சடங்கில் இறகு கட்டிய இரண்டு தண்டுகளைச் சுமந்து ஒரு குழு மற்றொரு குழுவிடம் போகும். போகிறவர்கள் தந்தையர், வரவேற்பவர்கள் பிள்ளைகள். பல நாள் பாட்டுக்குப் பின் இரு குழுவும் உண்மையான சொந்தமாகிவிடும். தஹிருசாவிச்சி என்ற போனி பூசாரி இதை முழுமையாகச் சொல்ல, ஆலிஸ் பிளெட்சர் எழுதி 1904இல் வெளியிட்டார். போருக்கு ஆள் சேர்க்கவும் சுங்கான் அனுப்பப்பட்டது. ஏற்றுப் புகைத்தவன் போருக்கு வரக் கடமைப்பட்டான். எனவே அதைச் சமாதானச் சின்னமாக மட்டும் காண்பது போதாது. புகையின் முன் கொடுத்த வாக்கு எதுவானாலும் அதை மீறக் கூடாது என்பதே அதன் உட்பொருள்.

ஐரோப்பியர்கள் இதை விரைவிலேயே கண்டுகொண்டார்கள். 1673இல் மிசிசிப்பி ஆற்றில் இறங்கிய பிரெஞ்சுப் பாதிரியார் மார்க்கெட்டுக்கு இல்லினாய் மக்கள் ஒரு சுங்கானைக் கொடுத்தனுப்பினார்கள். தெற்கே மிச்சிகமியா ஊரார் வில்லும் தண்டாயுதமுமாகப் படகுகளைச் சூழ்ந்தபோது அவர் அதைத் தூக்கிக் காட்டினார். கரையில் நின்ற முதியவர்கள் கண்டு இளைஞர்களைத் தடுத்துவிட்டார்கள். மேற்கே ஆய்வுப் பயணம் போன அமெரிக்கர்களான லூயிஸ், கிளார்க் குழு 1804 ஆகஸ்டில் மிசோரிக் கரையில் யாங்டன் மக்களோடு சுங்கான் பிடித்தது. மறு ஆண்டு ஷோஷோனி மக்களைச் சந்தித்தபோது, புகைக்குமுன் அவர்கள் காலணியைக் கழற்றியதையும் வந்தவர்களைக் கழற்றச் சொன்னதையும் லூயிஸ் குறித்து வைத்தார். சொன்ன சொல் தவறினால் முள்ளும் கல்லும் நிறைந்த அந்த நாட்டில் என்றென்றும் வெறுங்காலோடு நடக்கக் கடவேன் என்பது அதன் பொருள்.

அமெரிக்க அரசின் பிரதிநிதிகள் அதன் பிறகு எண்ணற்ற உடன்படிக்கைகளில் சுங்கான் பிடித்தார்கள். காகிதத்தில் உள்ள கையெழுத்தைத்தான் அவர்கள் ஒப்பந்தமாகக் கருதினார்கள். எதிரே அமர்ந்தவர்களுக்குப் புகையே ஒப்பந்தம். காகிதமும் காப்பாற்றப்படவில்லை என்பதுதான் பெருங்கொடுமை. 1869இல் ஷயான் மக்களின் புனித அம்புகளின் காவலரோடு அமெரிக்கப் படையின் ஜெனரல் கஸ்டர் சுங்கான் பிடித்தபோது, வாக்குத் தவறினால் அழிவு வரும் என்ற எச்சரிக்கையோடு சாம்பல் அவர் காலணிமீது கொட்டப்பட்டதாக ஷயான் வாய்மொழி வரலாறு சொல்கிறது. 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் அவர் மாண்டதை அந்த மக்கள் இதோடு சேர்த்தே நினைவுகூர்கிறார்கள்.

சுரங்கத்தின் கதையும் வாக்கு மீறலின் கதைதான். ஓவியர் ஜார்ஜ் காட்லின் 1836இல் அங்கே சென்றார். வழியில் டகோட்டா மக்கள் அவரைத் தடுத்து, வெள்ளையர் அந்தக் கல்லைத் தொடக் கூடாது என்று வாதிட்டும் அவர் மேலே போனார். அவர் அனுப்பிய மாதிரியை ஆராய்ந்த பாஸ்டன் வேதியியலாளர், கல்லுக்கு காட்லினைட் என்று பெயரிட்டார். 1858இல் யாங்டன் தலைவர்கள் வாஷிங்டனில் 1 கோடியே 10 லட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட நேர்ந்தது. அவ்வளவையும் இழந்த நிலையிலும் ஒன்றை அவர்கள் விடவில்லை. சுரங்கத்துக்குத் தடையின்றி வந்துபோகும் உரிமை எட்டாவது பிரிவாக எழுதப்பட்டது. ஒரு சதுர மைல் நிலம் அதற்காக அளந்து ஒதுக்கப்பட்டது. அதைக் கேட்டுப் பெற்றதில் முதன்மையானவர் ஸ்டிரக் பை தி ரீ என்ற தலைவர்.

ஒதுக்கிய நிலத்தில் குடியேறிகள் புகுந்து உழுதார்கள், கட்டடக் கல் உடைத்தார்கள். 1880களில் ரயில் பாதை குறுக்கே போனது. 1893இல் அரசே அங்கு ஓர் உறைவிடப் பள்ளியைத் திறந்தது. பழங்குடிப் பிள்ளைகளிடமிருந்து மொழியையும் சடங்கையும் அகற்றுவது அத்தகைய பள்ளிகளின் நோக்கம். புனிதச் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே 1953 வரை அது நடந்தது. 1883 முதல் அரசு விதிகள் சூரிய நடனம் போன்ற சடங்குகளைக் குற்றமாக்கியிருந்ததால் சுங்கான் சடங்குகள் பல மறைவாகவே நடந்தன. யாங்டன் மக்கள் வழக்காடினார்கள். நிலம் அவர்களுடையது, அரசு அதை எடுத்துக்கொண்டுவிட்டது என்று 1926இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடாக 3 லட்சத்து 28 ஆயிரம் டாலருக்குச் சற்று மேல் கிடைத்தது, நிலம் திரும்பவில்லை.

1937 ஆகஸ்ட் 25 அன்று ஒரு சட்டத்தின் வழியாகச் சுரங்கம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. எல்லாப் பழங்குடிகளுக்கும் அங்கே கல் எடுக்கும் உரிமையை அந்தச் சட்டம் உறுதிசெய்தது. பிறருக்கு அந்த உரிமை இல்லை. அரசின் அங்கீகாரம் பெற்ற பழங்குடியில் பதிவான எவரும் அனுமதி கேட்கலாம். 50க்கும் மேற்பட்ட குழிகள் இருந்தும் நிலையான குழிக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. அருகில் வாழும் டகோட்டா குடும்பங்கள் சில, தலைமுறைகளாகச் சுங்கான் செதுக்கி விற்றே பிழைத்தன. 20ஆம் நூற்றாண்டில் செதுக்கும் கலை அழியாமல் இருந்ததற்கு அவர்களே காரணம். புனிதப் பொருளைக் காசுக்கு விற்பது முன்னோர் உடலை விற்பதற்குச் சமம் என்று யாங்டன் மக்களில் பலர் எதிர்க்கிறார்கள். லகோட்டா சடங்குகளை வெளியார் வணிகமாக்குவதைக் கண்டித்து 1993இல் வெளியான பிரகடனமும் சுங்கான் விற்பனையைச் சாடியது. இரு தரப்பின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. தகராறு இன்னும் தீரவில்லை.

1978இல் வந்த பழங்குடிச் சமயச் சுதந்திரச் சட்டத்துக்குப் பின் சடங்குகள் வெளிப்படையாகவே நடக்கின்றன. அதே காலத்தில் கடைச் சிகரெட்டால் வரும் நோய்கள் அமெரிக்கப் பழங்குடிகளை மற்றவர்களைவிட அதிகம் தாக்கியிருக்கின்றன. இதை எதிர்கொள்ள மினசோட்டாவின் ஓஜிப்வே, டகோட்டா சமூகங்கள் சடங்குக்குரிய புகையிலையையும் செந்நிறப் புதர்மரப் பட்டையையும் தாங்களே பயிரிட்டும் சேகரித்தும், அது வேறு சிகரெட் வேறு என்று இளையோருக்குக் கற்பித்து வருகின்றன.