பிரெஞ்சு மொழியும் அரசியற் கல்வியும்: எட்டயபுரத்திலிருந்து புதுவை வரை

முன்னுரை

பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பிரெஞ்சு மொழியையும் அரசியலையும் ஒரே பட்டத்தின் இரு பாதிகளாகப் பயிலும் முறை நெடுங்காலமாக நிலவுகிறது. பெரும்பாலும் நான்கு ஆண்டுகள் நீளும் அப்படிப்பில் ஓராண்டைப் பிரெஞ்சு வழங்கும் நாடொன்றில் மாணவர் கழிக்க வேண்டும். ஒரு நாட்டின் அரசியலை அந்நாட்டின் சட்டமும் செய்தித்தாளும் மேடைப்பேச்சும் வழங்கும் மொழியிலேயே அறிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. தமிழகக் கல்லூரிகளின் பாடமுறை வேறு. இங்குப் பிரெஞ்சு 'பகுதி ஒன்று' மொழிப்பாடங்களுள் ஒன்று. அரசியல் அறிவியல் 'பகுதி மூன்று' முதன்மைப் பாடம். இரண்டையும் ஒரே மாணவர் தேர்ந்துகொண்டாலும் ஒன்றில் கற்றது மற்றொன்றுக்குப் பயன்பட வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

ஆயினும் இவ்விரண்டும் பிரிக்கவியலாத ஒரே கல்வியாக இருந்த காலம் ஒன்று தமிழர் வரலாற்றில் உண்டு. 1908 முதல் 1918 வரையிலான புதுவைக் காலமே அது. அக்கல்விக்குப் பாடத்திட்டம் இல்லை, தேர்வும் இல்லை. அதைக் கற்றவர்களுள் முதன்மையானவர் கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்திற்கும் இடைப்பட்ட கரிசல் பூமியில் பிறந்தவர். பாரதியின் பிரெஞ்சு அறிவை அவருடைய பன்மொழிப் புலமைக்கு ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கடந்துவிடும் போக்கு ஆய்வுலகில் மிகுதி. அம்மொழி அவர் வாழ்விலும் அரசியலிலும் என்ன வேலை செய்தது என்ற கேள்வி அதனால் பின்தள்ளப்பட்டுவிட்டது.

கரிசலும் ஆங்கிலக் கல்வியும்

பாரதி 1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் பிறந்தார். பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் வானம் பார்த்த நிலம் அது. அரசியல் அதிகாரம் என்று அவ்வூரார் கண்ணெதிரே கண்டது ஜமீன் அரண்மனையைத்தான். தந்தை சின்னசாமி ஐயர் எட்டயபுரத்தில் பருத்தி ஆலை அமைக்க முயன்று பொருளிழந்தார். மகன் கணிதமும் ஆங்கிலமும் கற்று உயர்வடைய வேண்டும் என்று விரும்பித் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கு அனுப்பினார். அக்கல்வியைப் பற்றிய பாரதியின் கசப்பு 1910-இல் வெளிவந்த 'கனவு' என்னும் தன்வரலாற்றுப் பாடலில் பதிவாகியுள்ளது. தந்தைக்குப் பெருஞ்செலவும் தமக்குத் தீங்குமே அதனால் விளைந்தன என்பது அவர் தீர்ப்பு.

இத்தீர்ப்பை ஆங்கில மொழியின் மீதான வெறுப்பாகப் படித்தல் பொருந்தாது. காசியில் படித்து எட்டயபுரம் திரும்பிய இளைஞர் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் சூடியவர். அவர் மறுத்தது, தன் நாட்டின் சிந்தனையையும் வரலாற்றையும் அறியாதவாறு மாணவனை ஆக்கிவிட்டு, அரசாங்க வேலைக்கு மட்டும் அணியமாக்கும் மொழிக்கல்வியை. பின்னாளில் அவர் பிரெஞ்சு கற்றபோது அத்தகைய கட்டாயமும் இல்லை, வேலை என்னும் பயனும் இல்லை. அதனை வேண்டுவித்தது வேறொரு தேவை.

பிரெஞ்சு அரசியற் சொற்கள் அவரிடம் பிரெஞ்சு மொழிக்கு முன்பே வந்துவிட்டன என்பதும் கவனத்திற்குரியது. 1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழ் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்களைத் தன் முழக்கமாகத் தாங்கி வந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் இம்முழக்கம் ஆங்கில நூல்களின் வழியாகச் சென்னைக்கு வந்து, வடமொழிச் சொல்லுருவில் தமிழ் இதழின் முகப்பில் அமர்ந்தது. கருத்துக்கும் மூலமொழிக்கும் நடுவே அப்போது இரண்டு திரைகள் இருந்தன.

எல்லை கடத்தல்

1908 ஜூலையில் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. அவரது ஒட்டப்பிடாரமும் இதே வறண்ட நிலப்பகுதியைச் சேர்ந்ததே. அடுத்து 'இந்தியா' இதழின் பெயரளவு ஆசிரியர் கைதானார். பாரதி புதுவைக்குச் சென்றார். இதழும் அவ்வாண்டிலேயே அங்கிருந்து வெளிவரலாயிற்று. பிரித்தானிய அரசு தன் எல்லைக்குள் அதைத் தடுத்ததால் 1910 மார்ச்சில் இதழ் நின்றது. 1910 ஏப்ரலில் அரவிந்தரும், அதே ஆண்டின் பிற்பகுதியில் வ. வே. சு. ஐயரும் புதுவை சேர்ந்தனர். அரவிந்தர் இங்கிலாந்தில் பள்ளி மாணவராக இருந்தபோதே லத்தீன், கிரேக்கத்துடன் பிரெஞ்சும் கற்றவர். இலண்டனில் சட்டம் பயின்ற ஐயர், கைதுக்குத் தப்பிப் பாரிஸ் வழியாகப் புதுவை வந்தவர்.

இவர்களுக்குப் புதுவை பாதுகாப்பான இடமானதற்குக் காரணம் ஒரு சட்ட நிலை. பிரித்தானிய இந்தியாவின் கைதாணை பிரெஞ்சு மண்ணில் தானாகச் செல்லாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட ஆணைகளையும், பிரெஞ்சு பேசும் அதிகாரிகளின் மனப்போக்கையும் நம்பியிருந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் ஆட்சியர் ஆஷ் கொல்லப்பட்டபின் அதன் நொய்ம்மை வெளிப்பட்டது. மணியாச்சி, கோவில்பட்டிக்குத் தெற்கே அதே இருப்புப்பாதையில் அமைந்த நிலையம். சுட்ட வாஞ்சிநாதன் முன்னர்ப் புதுவை சென்று திரும்பியவர். பிரித்தானிய ஒற்றர்கள் புதுவையில் பெருகினர். வெளியிலிருந்து வந்து தங்கியிருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும், கௌரவ நீதிபதிகள் ஐவரின் சான்றும் பெற வேண்டும் என்ற விதி பிறந்தது. அச்சான்றுகளைப் பெற்றுத் தந்தவர் கலவை சங்கர செட்டியார்.

1912-இல் நிகழ்ந்த ஒரு சோதனை இக்காலத்தில் மொழி பெற்றிருந்த அரசியல் மதிப்பைத் துலக்கமாகக் காட்டுகிறது. ஐயர் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு சாடி வெளிப்பட்டது. அதனுள் அரசுக்கெதிரான துண்டுப் பிரசுரங்கள் இருந்தன. ஒற்றர்கள் சூழ்ச்சியாகப் போட்டது அது என்று உணர்ந்த சுதேசிகள், அதனை மறைக்காமல் தாங்களே பிரெஞ்சுக் காவல்துறைக்குத் தெரிவித்தனர். தொடர்ந்து, மயூரேசன் என்பவர் தந்த புகாரின் பேரில் விசாரணை நீதிபதி நாந்தோ அரவிந்தரின் இல்லத்தைச் சோதிக்க வந்தார். அங்கு அவர் கண்டவை கிரேக்க, லத்தீன் நூல்கள். இம்மொழிகளைக் கற்றவரா இவர் என்று வியந்த நீதிபதியின் போக்கு மாறிற்று. புகார் அளித்தவரே ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. இந்நிகழ்ச்சி பெரும்பாலும் வியப்புக்குரிய ஒரு கதையாகவே சொல்லப்படுகிறது. பிரெஞ்சுக் குடியரசின் அலுவலர் ஒருவர், தம் கல்விமுறை மதிப்பதை எதிரிலிருப்பவரிடம் கண்டதும் அவரைக் குற்றவாளியாகக் காண இயலாமற் போனார் என்பதே இதன் அரசியற் பொருள். அலமாரியில் அந்நூல்கள் இல்லாத ஒரு சாதாரண அகதிக்கு இச்சலுகை கிடைத்திருக்குமா என்ற ஐயம் எழாமல் இல்லை.

வாக்குரிமையும் அதன் மறுபக்கமும்

புதுவையின் அரசியல், பிரித்தானிய இந்தியாவில் அரசியல் கற்றவருக்குப் பழக்கமற்றது. பாரிஸ் நாடாளுமன்றத்திற்கு ஓர் உறுப்பினரை அனுப்பும் உரிமையைப் பிரெஞ்சிந்தியா 1848-இல் பெற்றது. இடையில் இழந்து 1871-இல் மீட்டது. வயது வந்த ஆடவருக்கு வாக்கு இருந்தது. 1909-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின்னும் சொத்தும் பட்டமும் உடைய சிலருக்கே வாக்குத் தந்த சென்னை மாகாணத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் வேறுபாடு.

உரிமைக்கான வழக்கும் அங்குப் பிரெஞ்சு மொழியில் நடந்து முடிந்திருந்தது. 1873-இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியர் போலக் காலணியுடன் நீதிமன்றம் புகுந்தார் என்பதற்காகத் தண்டிக்கப்பட்டார். அவர் பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றார். 1881 செப்டம்பர் ஆணை, இந்தியர் தம் சாதி, சமயம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்க வழிவகுத்தது. ஆனால் 1884-இல் வாக்காளர் பட்டியல் ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. சமத்துவம் என்று எழுதிய கையே பட்டியலைப் பிரித்தும் எழுதிற்று.

தேர்தல் நாள்களில் வன்முறையும் கள்ள வாக்கும் மலிந்திருந்தன. நாடு சண்முக வேலாயுத முதலியாரின் செல்வாக்கு ஒரு தலைமுறைக் காலம் தேர்தல் முடிவுகளை ஆண்டது. 1910-இல் தேர்தலை முன்னிட்டுப் புதுவை வந்த பால் ரிஷார் அரவிந்தரைச் சந்தித்தார். 1914-இல் தாமே வேட்பாளராக நின்று தோற்றார். அத்தேர்தலின் வேட்பாளர்களையும் கட்சி மாற்றங்களையும் அரவிந்தர் தம் கடிதங்களில் நுணுக்கமாக விவரித்துள்ளார். புரட்சியின் சொற்களை நூலில் படித்தவர்கள் அச்சொற்கள் தெருவில் படும் பாட்டை இங்குக் கண்டனர். கல்லூரி எதுவும் அளித்திருக்க முடியாத செய்முறைப் பாடம் இது.

சொல்லாக்கம் என்னும் சான்று

இக்கல்வியின் தடத்தைப் பாரதியின் எழுத்தில் தேடினால் முதலில் தென்படுவது மொழிபெயர்ப்பு. 1792-இல் ரூழே தெ லீல் இயற்றிய 'மார்செய்யேஸ்' பாடலை அவர் தமிழாக்கினார். தமிழ்ச் செவிக்கு அன்னியமான படைநடைச் சந்தத்தையும் ஒரு நாட்டு மக்களை நேராக விளிக்கும் முறையையும் தமிழில் கொண்டுவரும் முயற்சி அது. 1914-இல் படையெடுப்புக்கு ஆளான பெல்ஜியத்தை அவர் வாழ்த்தியதும், 1917-இன் உருசியப் புரட்சியைப் பாடியதும் இத்தொடர்ச்சியில் வைத்து நோக்கத்தக்கவை. 'குடியரசு', 'யுகப்புரட்சி' என்னும் சொற்கள் உருசியப் பாடலில் தடையின்றி வருகின்றன. 1906-இன் முழக்கத்தில் இருந்த வடமொழிக் கட்டுமானம் இங்குப் பேச்சுத் தமிழின் வேகத்திற்கு இடம் தந்திருப்பதைக் காணலாம்.

எல்லாச் சொற்களும் இவ்வளவு எளிதில் அகப்படவில்லை. அவை ஒன்றின் 'மெம்பர்' என்பதற்கு ஈடான தமிழ்ச்சொல் தேடிப் பலவற்றைச் சொல்லிப் பார்த்து, ஒன்றும் பொதுமக்களுக்கு விளங்காது என்று கைவிட்டு, இறுதியில் 'மெம்பர்' என்றே எழுதிவிட்டதைப் பாரதி ஓரிடத்தில் வேடிக்கையாகக் குறிப்பிடுகிறார். இது வெறும் அகராதிச் சிக்கல் அன்று. தேர்ந்தெடுக்கப்பட்டு அவையில் அமரும் ஒருவர் என்ற வாழ்வனுபவம் அவருடைய வாசகர்களில் மிகச் சிலருக்கே இருந்தது. நிறுவனம் வேரூன்றாத இடத்தில் சொல் மட்டும் எப்படி வேர்கொள்ளும் என்ற சிக்கலை அவர் நேர்மையாக எதிர்கொண்ட இடம் அது.

1918 நவம்பரில் புதுவையை விட்டு வெளியேறிய பாரதி கடலூர் எல்லையில் கைதாகி, விடுதலைக்குப் பின் கடையத்தில் வாழ்ந்தார். 1919-இல் எட்டயபுரம் வந்து ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார். மரபுவழிப் பாராட்டுச் சொற்களால் அமைந்த அக்கவிதைக்கு அவர் எதிர்பார்த்த ஆதரவு கிட்டவில்லை. குடியரசு என்ற சொல்லைப் பாடியவர் இரண்டே ஆண்டுகளில் அரண்மனை வாயிலில் நிற்க நேர்ந்ததை முரண்பாடு என்று கடிந்துகொள்வோர் உண்டு. கரிசலில் அப்போது ஒரு புலவன் முறையிட்டுக்கொள்ளத்தக்க வேறு நிறுவனம் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்தே அதனை எடைபோட வேண்டும்.

பிரிந்த பாடங்கள்

1954 நவம்பர் 1 அன்று புதுவையின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28-இல் கையொப்பமான ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சே அங்கு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று உறுதியளித்தது. நடைமுறையில் தமிழும் ஆங்கிலமும் அவ்விடத்தைப் பிடித்தன. 1985-இல் தோன்றிய புதுவைப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சுத் துறையும் அரசியல் துறையும் தனித்தனியே இயங்குகின்றன. பிரெஞ்சுத் துறை மொழிபெயர்ப்புக்குத் தந்துள்ள இடம் குறிப்பிடத்தக்கது. ஒரே காலத்தில் இரு பட்டங்கள் பயிலப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அனுமதி தந்தபின், இரண்டையும் ஒருவர் சேர்த்துக் கற்க விதியளவில் தடையில்லை. இரு பட்டங்களை அடுத்தடுத்து வைப்பதும் இரு துறைகளும் கூடி ஒரு பாடத்திட்டம் வகுப்பதும் ஒன்றாகா.

இப்பிரிவின் இழப்பு தமிழாய்வில் ஏற்கெனவே புலப்படுகிறது. சுதேசிகளின் புதுவைக் காலம் பெரும்பாலும் பிரித்தானியக் காவல்துறைக் குறிப்புகளையும் தமிழ் நினைவுக் குறிப்புகளையும் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. வேட்டையாடியவர் குரலும் வேட்டையாடப்பட்டவர் குரலும் அவற்றில் கேட்கின்றன. இருவருக்கும் நடுவே நின்று, யாரை வைத்துக்கொள்வது, யாரை ஒப்படைப்பது என்று முடிவு செய்த மூன்றாமவரின் குரல் அரிதாகவே கேட்கிறது. பிரெஞ்சிந்திய நிர்வாகத்தின் ஆவணங்கள் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. அவற்றைப் படிக்கப் பிரெஞ்சு இலக்கணம் மட்டும் போதாது. மூன்றாம் குடியரசின் ஆட்சியமைப்பும், ஆளுநருக்கும் பாரிஸ் அமைச்சகத்திற்கும் இடையிலான கடித மரபும், வாக்காளர் பட்டியல் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். விளாத்திகுளத்திலிருந்தோ கோவில்பட்டியிலிருந்தோ தமிழோ வரலாறோ படித்து ஆய்வுக்கு வரும் மாணவர், தம் ஊர்க் கவிஞரின் பத்தாண்டு வாழ்வைப் பற்றிய அந்தக் கோப்புகளைத் திறக்க இன்று இன்னொருவரின் ஆங்கிலச் சுருக்கத்தையே நம்பியிருக்க வேண்டியுள்ளது.