மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கடல்

"திருச்சியில் எல்லாம் இருக்கு, கடல் மட்டும்தான் இல்லை" என்பது விடுதி நாட்களில் நாம் அடிக்கடி சொன்ன வசனம். வெளியூர் நண்பன் வந்தால் மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், முக்கொம்பு, கல்லணை என்று சுற்றிக் காட்டுவோம். கடல் பார்க்க வேண்டுமா, வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறு என்று சொல்லிவிடுவோம். ஆனால் கடல் இருந்தது. சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் வரை போய்க் கிழக்கே திரும்பினால் ஊட்டத்தூர் வரும். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கமெல்லாம் அலை அடித்துக்கொண்டிருந்தது. அப்போதே மலைக்கோட்டைப் பாறை கிழப் பாறை.

ஊட்டத்தூர், காரை, குளக்காநத்தம், கருடமங்கலம், அரியலூர் என்று அந்த வட்டாரம் முழுக்க அந்தக் கடலின் மிச்சங்கள்தான். காரையில் செடி கொடி அதிகம் இல்லாத, மழை அரித்த களிமண் மேடுகளில் நடந்தால் துப்பாக்கி ரவை மாதிரி நீளமாக ஒரு கல் காலில் இடறும். அது பெலம்னைட், கணவாய் மீனின் தூரத்து உறவு. நத்தை மாதிரி சுருண்டு கிடப்பது அம்மோனைட். அதன் குடும்பமே இன்று உலகில் கிடையாது. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தினோசர்களோடு சேர்ந்து போய்விட்டது. கருடமங்கலத்தில் சிப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகவே ஆகியிருக்கும். அதை மெருகேற்றி 'திருச்சினாப்பள்ளி மார்பிள்' என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. கரையிலிருந்து அடித்து வரப்பட்டு, கடல் சேற்றில் புதைந்த மரம் அது. எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதைப் பற்றி எழுதினார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு இயக்குநரான முதல் இந்தியரும் அவரே.

இதையெல்லாம் முதலில் பொறுக்கியவர்கள் கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள். பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் 1840-களில் சேர்த்ததை லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் விவரித்து எழுதினார். ஆனால் இந்தக் கதையின் நாயகன் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு. லண்டனில் சுரங்கப் படிப்பு முடித்துவிட்டு, அண்ணன் வில்லியமோடு 1855-ல் இந்தியா வந்தவர். இருபதுகளின் நடுவயதில், 1850-களின் இறுதியில், நம் மாவட்டத்தை நடந்தே அளந்தார். 1862-ல் வெளியான அவருடைய அறிக்கையில்தான் ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று பாறை அடுக்குகளுக்குப் பெயர் வந்தது. இன்றும் உலகம் முழுக்க அதே பெயர்கள்தான். ஊட்டத்தூர்க்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

அவருக்குப் பின் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்பவர் தென்னிந்தியாவின் இந்தக் கடல் உயிர்களை வரிசைப்படுத்திப் பெரிய தொகுதிகளாக எழுதி 1873-ல் முடித்தார். அடுத்த வருஷமே லடாக் மலைப்பாதையில், 36 வயதில் இறந்துபோனார். கிட்டத்தட்ட என் வயது. லே நகரத்தில் அவருக்குக் கல்லறை இருக்கிறது.

இனிதான் விஷயம். திருச்சி வட்டாரத்துச் சிப்பிகளையும் அம்மோனைட்களையும் மற்ற ஊர்களில் கிடைத்தவற்றோடு பிளான்ஃபோர்டு ஒப்பிட்டுப் பார்த்தார். நர்மதைக் கரையில் பாக் என்ற ஊரிலும் ஏறக்குறைய அதே காலத்துக் கடல் படிவு உண்டு. நம் நாட்டுக்குள்ளேயே இருக்கும் அதோடு திருச்சிச் சரக்கு ஒத்துப்போகவில்லை. அது ஐரோப்பா, அரேபியா பக்கத்துச் சாயல். ஆனால் இந்துமகா சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கடற்கரையில் கிடைத்தவையோ நம் ஊர்ச் சிப்பிகளுக்குக் கூடப்பிறந்தவை மாதிரி இருந்தன. பக்கத்து வீட்டுக்காரன் அந்நியன். கடல் தாண்டி இருப்பவன் பங்காளி. எப்படி?

1875-ல் அவர் லண்டனில் வெளியிட்ட கட்டுரையில் விடை சொன்னார். கடல் உயிர் கரையோரமாகவே பரவும். நடுவில் நிலம் இருந்தால் அது மதில் மாதிரி. ஆகவே நர்மதைக் கடலுக்கும் நம் கடலுக்கும் நடுவே, இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்கா வரை ஒரு பெரிய நிலம் இருந்திருக்க வேண்டும், பிறகு அது மூழ்கியிருக்க வேண்டும் என்றார். மடகாஸ்கரின் லெமூர் குரங்குகளை வைத்து ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலார் 1864-லேயே அப்படி ஒரு நிலத்துக்கு 'லெமூரியா' என்று பெயரிட்டிருந்தார். ஆமாம், நம் தமிழ் வகுப்பில் கேட்டோமே, அதே லெமூரியாதான்! நம் இலக்கியம் சொல்லும் கடல்கோளோடு இது சேர்ந்து, பள்ளிப் புத்தகங்களில் குமரிக்கண்டமாக நிலைத்துவிட்டது. அதற்குச் சாட்சி சொன்ன கற்களில் பாதி நம் ஊட்டத்தூர்க் கற்கள் என்பதை மட்டும் எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

பிளான்ஃபோர்டு பார்த்தது சரி. சொன்ன காரணம்தான் தவறு. நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது. 1912-ல் வெகனர் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். 1960-களில் கடல் தரையை ஆராய்ந்த பின் ஒப்புக்கொண்டார்கள். இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒரே கண்டமாக ஒட்டிக்கிடந்தவை. அண்டார்டிகாவிடமிருந்து நாம் பிரிந்த விரிசலில் கிழக்கே கடல் புகுந்தது. அதுதான் ஊட்டத்தூர்க் கடல். மடகாஸ்கர் இன்னும் நம்மோடு ஒட்டியிருந்த காலம் அது. நேட்டாலும் நாமும் ஒரே கடலின் கரைகள். சிப்பிகள் ஒன்றாக இருப்பதில் என்ன அதிசயம்? இந்துமகா சமுத்திரத்தின் அடியில் மூழ்கிய பெருங்கண்டம் எதுவும் இல்லை. செஷல்ஸ் தீவுகளின் கருங்கல் போலச் சில துண்டுகள்தான் வழியில் உதிர்ந்து நிற்கின்றன. அதற்காகக் கடல்கோள் நினைவெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். கரையோர ஊர்களைக் கடல் கொண்டது உண்மைதான், கண்டத்தை அல்ல. மூழ்கிய நிலத்தைத் தேடித் தெற்கே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கடலுக்கு அடியிலிருந்து மேலே வந்த நிலமோ வடக்கே ஒரு மணி நேர பஸ் தூரத்தில் கிடக்கிறது.

சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரும் கழன்றது. இந்தியா பெரிய தீவாக வடக்கே போயிற்று. அந்தப் பயணத்தின் பயணி ஒருவர் இன்னும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறார். வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே வாழும் ஊதா நிறத் தவளை. 2003-ல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. அதன் நெருங்கிய உறவுகள் கேரளாவில் இல்லை, செஷல்ஸில் இருக்கின்றன.

ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நாம் ஆசியாவின் மேல் மோதினோம். நடுவில் இருந்த கடலின் தரை மடிந்து இமயமலையாக எழுந்தது. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமம் அந்தக் கடலின் அம்மோனைட்தான். ஸ்ரீரங்கத்து வீடுகளில் பெருமாளாகப் பூஜையில் இருக்கும் கல்லுக்குச் சொந்தக்காரர்கள் ஊட்டத்தூர் வயலில் கேட்பாரற்றுக் கிடக்கிறார்கள்!

பிளான்ஃபோர்டு பாறையோடு நிற்கவில்லை. அதே 1875-ல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். அடுத்த வருஷமே தாது வருஷப் பஞ்சம். மழை ஏன் பொய்க்கிறது என்ற கேள்வி அவர் தலையில் விழுந்தது. இமயத்தில் பனி அதிகம் பெய்தால் நிலம் சூடேறத் தாமதமாகி, கடல் காற்று வலுவிழக்கும் என்று 1884-ல் எழுதினார். முழு விடை அல்ல. ஆனால் நிலமும் கடலும் சூடேறும் வித்தியாசத்தில்தான் நம் சோறு இருக்கிறது என்பது மாறவில்லை. ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் நிற்கும்போது திருச்சி வானத்தில் மேகம் இருக்காது. ஆற்றில் ஓடுவது அரபிக்கடல் காற்று குடகு மலையில் கொட்டிய தண்ணீர். ஐப்பசியில் நம் தலையில் பெய்வதோ வங்காள விரிகுடாவின் மழை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னத் தீவுக்கு இரண்டு கடல்கள் படியளக்கின்றன.

பழைய கடல் வேறு வகையில் நமக்குச் சோறு போடுகிறது. கல்லக்குடி என்றால் 1953 போராட்டம்தான் ஞாபகம் வரும். அங்கே 1939-ல் சிமெண்ட் ஆலை வந்ததற்குக் காரணம் அந்தக் கடலின் பவளமும் பாசியும் படிந்த சுண்ணாம்புக்கல். அரியலூர் ஆலைகளும் அப்படியே. நான் சிவில்காரன், ஒவ்வொரு தளம் போடும்போதும் 10 கோடி ஆண்டுக் கடலைத்தான் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறேன். வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் சுரங்கம் தோண்டுகிறவரிடம் அம்மோனைட்டுக்கும் கல்லுக்கும் ஒரே விலைதான். கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய தினோசர் எலும்புகளுக்கு 'புருகத்காயோசாரஸ்' என்று 1980-களில் பெயர் வைத்தார்கள். எலும்புகள் மழையில் ஊறிப் பொடியாகிப் போயின. அவற்றின் பழைய புகைப்படங்கள் சில 2022-ல் வெளியாயின. உலகின் மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இன்னும் வாதம் நடக்கிறது, எலும்பு இல்லாமலே.

சந்திப்பு முடிந்து காரில் சென்னை திரும்புகிறவர்கள் பாடாலூரில் இறங்கிக்கொள்ளுங்கள். ஊட்டத்தூர்க் கோயிலில் நடராஜரைச் சேவித்துவிட்டுக் காரைப் பக்கம் போய், சாத்தனூர் மரத்தையும் பார்த்துவிட்டுப் பெரம்பலூர் வழியாக மறுபடி நெடுஞ்சாலை ஏறலாம். நேரம் இருப்பவர்களுக்கு அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், காரையில் நிழலே கிடையாது.