தோட்டப் பள்ளியின் கடைசித் தவணை

இலங்கை மலையகத் தோட்டப் பள்ளிகளின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது. அவர்களோ அதை வேண்டாச் செலவாகவே கருதினர். படித்தவன் கவ்வாத்துக் கத்தியைத் தொடுவானா என்ற அச்சம் வேறு! லயத்தின் கோடியில் ஓர் அறை, அதற்கோர் ஆசிரியர். பல தோட்டங்களில் பள்ளி அவ்வளவுதான். 1945இன் இலவசக் கல்வியும் தோட்டங்களை ஒதுக்கிவிட்டே வந்தது.

ஆயினும் தவணை முடியும் நாளில் அந்த அறை தோட்டத்துக்கே பொதுவாகிவிடும். மாலைக் கொழுந்தை நிறுத்துவிட்டுத் தாய்மார் வாசலில் வந்து நிற்பர். எழுதப் படிக்கத் தெரியாத அவர்களுக்காக ஆசிரியர் புள்ளிகளை உரக்க வாசிப்பார். சித்தியடைந்த மகிழ்ச்சி 5ஆம் வகுப்புப் பிள்ளையின் தாய்க்கு நிலைப்பதில்லை. மேல்வகுப்பு உள்ள பள்ளியோ பல மைல்களுக்கு அப்பால், நகரத்தில். பள்ளி இடாப்பில் வெட்டப்பட்ட பெயர் சில நாள்களில் தோட்டத்துச் செக்ரோலில் ஏறும். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் அதே பெயரைக் கணக்கப்பிள்ளை கூப்பிடுவார்.

1970களின் பிற்பகுதியில் அரசு இப்பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே மேல்வகுப்புகள் மெல்ல மெல்லத் தோட்டங்களை எட்டின.