மணிக்கட்டு அறுவைச் சிகிச்சை பிறந்த கதை

நடுராத்திரியில் கை மரத்துப்போய்த் தூக்கம் கலையும். எழுந்து உட்கார்ந்து உதறினால் கொஞ்சம் தணியும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் எல்லாம் சுருக்சுருக்கென்று குத்தும். சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. 1880இல் பாஸ்டன் மருத்துவர் ஜேம்ஸ் புட்னம் இப்படி அவதிப்பட்ட 37 பேரைப் பற்றி எழுதினார். ஆனால் கோளாறு மணிக்கட்டில் இருக்கிறது என்பது அப்போது பிடிபடவில்லை.

அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு பிரேதப் பரிசோதனை. 1913, பாரிஸ். பியர் மாரி, ஷார்ல் ஃபுவா என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் 80 வயது மூதாட்டி ஒருவரின் கைகளைத் திறந்து பார்த்தார்கள். இரண்டு கைகளிலும் கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப்போயிருந்தது. அடிபட்டதாகத் தகவல் ஏதும் இல்லை. மணிக்கட்டின் குறுக்கே ஓடும் தடித்த நார்ப்பட்டைக்குச் சற்று மேலே நடு நரம்பு முடிச்சுப்போல வீங்கியிருந்தது. பட்டைக்கு அடியில் இளைத்திருந்தது. எலும்புகளுக்கும் அந்தப் பட்டைக்கும் நடுவே உள்ள குறுகிய வழியில்தான் 9 தசைநாண்களோடு இந்த நரம்பும் நுழைந்து செல்கிறது. அங்கே நெருக்கடி கூடினால் முதலில் நசுங்குவது நரம்பு. சுண்டுவிரலின் உணர்ச்சி வேறு நரம்பின் வழியே போவதால் அது தப்பிவிடுகிறது. நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அந்தப் பட்டையை அறுத்துவிட்டால் நரம்பு பிழைக்கலாம் என்று இருவரும் எழுதிவைத்தார்கள். இன்றுவரை நடக்கும் அறுவையின் அடிப்படையும் அதே யோசனைதான்.

வருத்தம் என்னவென்றால், அது வெகுகாலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. கழுத்தருகே நரம்பு நசுங்குகிறது என்று நம்பி, விலா எலும்பை எடுத்த மருத்துவர்களும் உண்டு. 1933இல் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் லியர்மன்த், மணிக்கட்டுப் பட்டையை அறுத்து நரம்பை விடுவித்ததைப் பதிவுசெய்தார். 1947இல் லண்டனில் ரஸ்ஸல் பிரெய்னும் உடன் இருந்தவர்களும், அறுவை செய்துகொண்ட 6 பேரைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார்கள். கிளீவ்லாந்தின் ஜார்ஜ் ஃபேலன் 1950 தொடங்கி விடாமல் எழுதி, இதை ஊரறிந்த நோயாக்கினார்.

பிறகு வந்த விவாதமெல்லாம் பட்டையை எந்த வழியாக எட்டுவது என்பதுதான். பழைய முறையில் உள்ளங்கையைக் கீறி, நரம்பைக் கண்ணால் பார்த்தபடி அறுக்கிறார்கள். 1980களின் கடைசியில் ஜப்பானின் இச்சிரோ ஒகுட்சு, சிறு துளை வழியே எண்டோஸ்கோப் என்ற உள்நோக்குக் குழாயைச் செலுத்தி அறுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் ஜேம்ஸ் சௌ இரண்டு துளைகளிலும், ஜான் ஏகி ஒரே துளையிலும் செய்தார்கள். துளை முறையில் ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாக வேலைக்குத் திரும்பலாம். தழும்புத் தொல்லையும் குறைவு. ஆனால் தற்காலிக நரம்புத் தொந்தரவு சற்று அதிகம். மாதங்கள் கழித்துப் பார்த்தால் இரண்டின் பலனும் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஆகவே உங்கள் மருத்துவருக்கு எந்த முறை கைவந்ததோ, அதையே செய்துகொள்ளுங்கள். கட்டைவிரலின் அடிச்சதை வற்றும்வரை மட்டும் காத்திருக்காதீர்கள். வற்றிய சதை, பட்டையை அறுத்த பிறகும் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.