பதினைந்து வயதில் முடிந்த உலகம்

நகரங்கள் பாழாகிவிட்டன, கொடுங்கோலர்கள் ஆளுகிறார்கள், பிள்ளைகள் ஒருவரையொருவர் வேட்டையாடுகிறார்கள். இப்படிப்பட்ட கதைகளை நம் வீட்டு இளம்பிள்ளைகள் ஊண் உறக்கம் மறந்து படிக்கிறார்களே, இவர்கள் மனசு கெட்டுப்போகாதா என்று பெற்றோர்கள் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலைதான். இதற்கு விடையை 1945-ஆம் ஆண்டு ஜப்பானில் தேடிப் பார்க்கலாம்.

மிட்டோ நகரத்தில் பிறந்த கின்ஜி ஃபுகாசாகு என்ற பையனுக்கு அப்போது பதினைந்து வயது. அவன் வகுப்புப் பிள்ளைகளைப் பாடப் புத்தகங்களை மூடச் சொல்லி ஆயுதத் தொழிற்சாலைக்கு அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் அங்கே பீரங்கிக் குண்டுகள் வந்து விழுந்தன. ஓட வழியில்லை. பிள்ளைகள் ஒருவர் உடலுக்கடியில் ஒருவர் புகுந்து தலை மறைத்தார்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு, பிழைத்தவர்கள் இறந்துபோன தோழர்களை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. யுத்தத்தைப் பற்றி அரசாங்கம் சொல்லிவந்ததெல்லாம் பொய் என்பது அந்தப் பையனுக்கு அப்போது விளங்கிற்று. பெரியவர்கள் மீது தமக்கு ஏற்பட்ட வெறுப்பைப் பற்றிப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஃபுகாசாகு சினிமா டைரக்டரானார். 1999-இல் கௌஷுன் தகாமி எழுதிய ‘பேட்டில் ராயல்’ என்ற நாவல் வெளிவந்தது. சர்வாதிகார அரசாங்கம் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பைத் தீவுக்குக் கொண்டுபோய், நாற்பத்திரண்டு பிள்ளைகள் கையிலும் ஆயுதத்தைக் கொடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை கொன்று தீர்க்கச் சொல்கிற கதை. படித்தவருக்குத் தம் தொழிற்சாலை நாட்கள் கண்முன் வந்து நின்றன. எழுபதாவது வயதில், 2000-ஆம் ஆண்டில், அதைப் படமாக எடுத்தார். பாராளுமன்றத்திலேயே எதிர்ப்புக் கிளம்பிற்று. பதினைந்து வயது நிரம்பாதவர்கள் பார்க்கக்கூடாதென்று தடை. ஆனால் 1945-இல் அதே பிராயத்துப் பிள்ளைகளைக் குண்டுகளுக்கு நடுவே வேலைக்கு அனுப்பியபோது எந்தத் தணிக்கையும் குறுக்கே வரவில்லை!

அமெரிக்காவில் 2008-இல் ‘ஹங்கர் கேம்ஸ்’ எழுதிய சுஸான் காலின்ஸின் கதையும் இதற்கு வெகு தூரமில்லை. அவர் சிறுமியாக இருந்தபோது தகப்பனார் வியட்நாம் யுத்தத்துக்குப் போயிருந்தார். பல வருஷங்கள் கழித்து ஓர் இரவு டெலிவிஷனில் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பரிசுக்காகப் போட்டி போடும் இளைஞர்கள். இன்னொரு பக்கம் ஈராக் யுத்தக் காட்சிகள். இரண்டும் கலந்து கதை பிறந்தது. அதற்கு வேர் இன்னும் பழையது. கிரேக்க புராணத்தில், கிரீட் மன்னனுக்குப் பணிந்த ஏதென்ஸ் நகரம், காளைத்தலை அரக்கனுக்கு இரையாக ஏழு வாலிபர்களையும் ஏழு கன்னிகளையும் அனுப்பிவைக்கிறது. பெரியவர்கள் பட்ட கடனுக்குப் பிள்ளைகள் கப்பம்!

பிள்ளைகளை இழுப்பது இரத்தமல்ல என்று இதனால்தான் நினைக்கிறேன். பதினாலு, பதினைந்து வயதில்தான், பெரியவர்கள் சொல்வதும் செய்வதும் ஒன்றல்லவோ என்ற சந்தேகம் முதன்முதலில் தலைகாட்டுகிறது. ‘பெரியவர்கள் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி’ என்று வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சந்தேகமே பாவமாகத் தோன்றும். அது பாவமில்லை என்று இந்தப் புத்தகங்கள் அவனிடம் சொல்லுகின்றன. அதோடு, வீட்டில் எந்த விஷயத்துக்கும் அவன் அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை. பாழடைந்த உலகத்திலோ, கையிலிருக்கும் ஒரு ரொட்டித் துண்டைப் பங்கிடுவதா ஒளித்துவைப்பதா என்பதை அவன்தான் முடிவு செய்தாக வேண்டும்.

இந்த வகையில் வருகிற எல்லாமே நல்ல நூல்கள் என்று சொல்லமாட்டேன். ஒன்று வெற்றி பெற்றதும் பின்னால் வந்த பலவற்றில் பிணங்களின் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது. ஆனாலும் பிள்ளை கையிலிருக்கும் புத்தகத்தைப் பிடுங்குவதற்குமுன் நாமும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. நாம் சொன்ன எந்தப் பொய்யை அவன் அதில் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறானோ, யார் கண்டது!