கதிரவெளி வீதியும் துவிச்சக்கர வண்டியும்

சரித்திரம் என்றவுடன் மன்னரும் மணிமுடியும், போரும் புகழுமே நம் எண்ணத்தில் முதலில் எழுகின்றன. ஒரு வீதிக்கும் சரித்திரம் உண்டு. அவ்வீதியிலே உருளும் இரு சக்கரங்களுக்கும் சரித்திரம் உண்டு என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையை அண்டி, கடலுக்கும் காட்டுக்கும் நடுவே அமைந்த கதிரவெளியின் வீதியைப் பற்றி இங்கு சில கூற முற்படுகின்றோம்.

கதிர் என்னும் சொல் நெற்கதிரையும் குறிக்கும். ஞாயிற்றின் கதிரையும் குறிக்கும். இரண்டும் இவ்வூருக்குப் பொருந்துவனவே. வாகரையிலிருந்து பால்சேனை வழியாகக் கதிரவெளிக்கும், அங்கிருந்து வெருகலுக்கும் விடியற்காலையிலே துவிச்சக்கர வண்டியிற் செல்பவர் பெறும் இன்பம் சொல்லுந்தரமன்று. நிலம் சமதரை, ஏற்றமென்று இறங்கித் தள்ளவேண்டிய இடம் இல்லை. கச்சான் காற்று வீறுகொள்ளுமுன் புறப்பட்டுவிட்டால் மிதிப்பதிற் சிரமமுமில்லை. நெடுநேரம் வரையில் மோட்டார் வாகனம் எதுவும் எதிர்ப்படாத காலைகளும் உண்டு. வண்டிச் சங்கிலியின் மெல்லோசையும் கடலின் இரைச்சலுமே செவியில் விழும்.

இத்தகைய அமைதி இவ்வீதிக்கு எங்ஙனம் வாய்த்தது? இயற்கையின் கொடை என்று கூறிவிட்டு அப்பாற் செல்லலாம். ஆயின் சரித்திரம் வேறு விடை கூறுகின்றது.

இவ்வழி மிகப் பழையது. பெருங்கற்காலப் பண்பாட்டைச் சார்ந்த ஈமக் கல்லறைகள் கதிரவெளியிலே கண்டறியப்பட்டுள்ளன. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் வெருகலம்பதியிலே சித்திரவேலாயுதரை வணங்கியபின் இவ்வூர் வழியாகவே தெற்கு நோக்கி நடப்பர். மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கரையிலே வாழ்ந்த வேடரைப் பற்றிச் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனென்ற் 1859ஆம் ஆண்டில் வெளியான தமது இலங்கை நூலிலே எழுதியுள்ளார். ஆகவே மனிதர் காலடி படாத வழியன்று இது. சக்கரங்கள் அதிகம் புகாத வழி என்பதே பொருந்தும்.

அதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, ஆறுகள். மகாவலி கங்கை கடலை அடையுமுன் கிளைகளாகப் பிரிகின்றது. வெருகலாறு அவற்றுள் ஒன்று. அக்கிளைகளும் களப்பு முகங்களும் மட்டக்களப்பு–திருகோணமலை வீதியைத் துண்டு துண்டாக்கின. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி முதலிய துறைகளிலே ‘பாதை’ எனப்படும் மிதவையையே மக்கள் நம்பியிருந்தனர். இரண்டாவது, புகையிரதம். 1928ஆம் ஆண்டு மட்டக்களப்பை அடைந்த இருப்புப்பாதை கரையோரத்தை விடுத்து, பொலநறுவை வழியாக உள்நாட்டினூடே அமைந்தது. பொருள்களும் பிரயாணிகளும் அவ்வழியே சென்றமையாற் கதிரவெளி ஒதுங்கி நின்றது.

ஒதுங்கிய இவ்வூர்களுக்கு உற்ற துணையாயிற்று துவிச்சக்கர வண்டி. 1817ஆம் ஆண்டு ஜேர்மனியிலே கார்ல் வொன் ட்ரைஸ் என்பவர் மிதியில்லாத, காலால் நிலத்தை உதைத்துச் செலுத்தும் இருசக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். 1885இல் இங்கிலாந்தின் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி ஏறக்குறையச் சமமான இரு சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட ‘றோவர்’ வண்டியை ஆக்கினார். 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயருக்கு உரிமை பெற்றார். இம்மூன்றின் பயனாய் எழுந்த வண்டி, ஆங்கிலேயர் ஆட்சியிலே றலி, ஹம்பர் என்னும் பெயர்களோடு நம் நாட்டுக்கும் வந்தது. துறையிலே மோட்டார் வாகனம் பாதைக்காகக் காத்து நிற்க, துவிச்சக்கர வண்டிக்காரர் தோணியொன்றில் வண்டியைத் தூக்கி வைத்து அக்கரை சேர்ந்துவிடலாம். ஆறு மறித்த வீதியிலே அதுவே சுதந்திர வாகனம். வழியின்மையால் வந்த அமைதி முதலாவது அமைதி.

இரண்டாவது அமைதி கொடியது. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்கு எரிபொருளும் பிற பொருள்களும் செல்வது தடுக்கப்பட்டது. வடக்கிலே யாழ்ப்பாண மக்கள் துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர் என்பது யாவரும் அறிந்ததே. வாகரைப் பிரதேசத்திலும் விறகும் மீனும் நெல்லும் துவிச்சக்கர வண்டியின் கரியரிலேயே சென்றன. நோயாளியும் அதிலேயே சென்றார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. பனிச்சங்கேணியிற் பாலம் சிதைந்தது. 2006ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி, இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சம் புகுந்திருந்த கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மீது எறிகணைகள் வீழ்ந்தன. நாற்பதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் உயிர் துறந்தனர். அடுத்த ஆண்டு ஜனவரியில் வாகரை இராணுவத்தின் வசமாயிற்று. மக்கள் அகன்ற ஊர்கள் வெறிச்சோடின. அந்நாளில் இவ்வீதியிலே நிலவியதும் ஓர் அமைதியே. அதை இன்பம் என்று எவர் கூறுவர்?

இன்று இவ்வீதியின் அழகை வியந்து வண்டியோட்ட வரும் நகரத்து அன்பர்கள் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும் என்பது நமது விண்ணப்பம். வாகனமில்லாத வீதி காண்பவருக்கு இனிது. ஆயின் பிரசவ வேதனையோடு துறையிலே காத்திருந்த தாய்க்கும், எரிபொருளின்றி வைத்தியசாலையை அடைய இயலாதிருந்த முதியவருக்கும் அது இனிதாய் இருந்திருக்குமோ? ஆகையினாற் பாலங்கள் வந்ததை நாம் மனமார வரவேற்கின்றோம். 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதையடுத்த சில ஆண்டுகளிலே ஏனைய துறைகளும் பாலங்களாயின. வீதி அகன்று காப்பெற் வீதியாயிற்று. பாதைக்காகக் காத்து நின்ற காலம் மலையேறிவிட்டது.

எனினும் ஒரு நன்மை வரும்போது மற்றொரு நன்மையை இழந்துவிடலாகாது. வழவழப்பான வீதியிலே பேருந்தும் லொறியும் இப்பொழுது விரைந்து பாய்கின்றன. அதே வீதியின் ஓரமாகவே மாணவரும் மாணவியரும் துவிச்சக்கர வண்டியிற் பள்ளி செல்கின்றனர். மீன்பெட்டி கட்டிய வியாபாரியும் செல்கின்றார். இரவிலோ மாடுகள் வீதியிற் படுத்துறங்குகின்றன. 2022ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி வற்றி நாடெங்கும் எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்றபோது, கொழும்பு மாநகரத்தாரும் துவிச்சக்கர வண்டியைத் தேடினர். நம் ஊரவர் தேடவேண்டியிருக்கவில்லை. அது அவர்தம் முற்றத்திலேயே நின்றது. ஆபத்திற் கைகொடுத்த அத்தோழனுக்கு வீதியில் ஓரடி இடம் ஒதுக்குவது நன்றிக்கடன் அன்றோ?

வழியின்மையாலும் அச்சத்தாலும் வந்த அமைதிகளைக் கண்டோம். மூன்றாவது அமைதி ஒன்றுண்டு. அது நாமே விரும்பி ஆக்குவது. பாடசாலை விடும் நேரத்திலே சாரதி வேகத்தைக் குறைப்பதும், வீதியோரத்திலே மிதிப்போருக்கென இடம் விடுவதும், இரவிற் செல்வோர் தம் வண்டியில் விளக்கெரியச் செய்வதும் அதற்குப் போதுமானவை. பெரும்பொருள் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

இப்பணியிலே நம்போன்ற வாலிபர் சங்கங்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆண்டுக்கொரு முறையேனும் வாகரையிலிருந்து வெருகல் வரை கூட்டமாகத் துவிச்சக்கர வண்டியிற் செல்வோம். வித்தியாலயத்தின் முன் இறங்கி, அங்கு மாண்டவர்க்காகச் சிறிது நேரம் தலைவணங்கி நிற்போம். பின்பு வெருகல் முருகன் சந்நிதியை அடைந்து, இவ்வீதியிற் செல்லும் ஒவ்வொரு குழந்தையும் பத்திரமாக வீடு திரும்பவேண்டுமெனப் பிரார்த்திப்போம். முன்னோர் கால்நடையாகக் கண்ட வழியை, நாம் இரு சக்கரத்திற் காப்போமாக.